துடைக்காதே

"யாரு இதைத் தொடைச்சது?"

பரிசோதகர் போட்ட சத்தத்தில் கூரைத் தகரத்தின் மேலிருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன. மேசைமேல் துப்பாக்கி பளபளவென்று கிடந்தது. குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் மறுபக்கம் ஜன்னல் தெரிந்தது. வேறு எந்த ஆயுதக் கிடங்கிலும் இதைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். இவருக்கோ இதுதான் தலைவலி.

துப்பாக்கிகளை அழுக்காக வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. இது புது ரகம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். இந்த மாதிரித் துப்பாக்கிக்கு அழுக்குத்தான் எமன். வெடிமருந்துக் கரி உள்ளே சேரச் சேர, ஏதோ ஒரு நேரத்தில் தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அந்த நேரம் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் காவலுக்கு நிற்கிறவர்கள் கையில் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும். அதனால் இரண்டாயிரம் தோட்டா, துடைக்காமல், ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் சுட வேண்டும் என்று உத்தரவு. இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு பெட்டி தோட்டா. அதைத் தன் கண்முன்னால் சுட வேண்டும் என்று இயக்குநர் அம்மா பதினோரு மணிக்கு வருகிறார்.

"நான்தான் சார்" என்றார் மீசை.

மீசை பழைய பட்டாளத்துக்காரர். மீசை வைத்த காலத்தில் வந்த பெயர். மழித்த பிறகும் போகவில்லை. இங்கே சோதனைத் துப்பாக்கிகளைச் சுடுவது அவர் வேலை.

"ஏன் மீசையண்ணே?"

"நேத்து வீட்டுக்குக் கிளம்பறப்ப ஒரு தடவை திரும்பிப் பாத்தேன் சார். பெத்த புள்ள மூக்கு ஒழுகிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல."

"செவுத்துல இவ்ளோ பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், 'துடைக்காதே'ன்னு!"

"செவுத்தைத் தொடைக்காதன்னு சொல்றீங்களாக்கும்னு நெனச்சேன்."

பரிசோதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"நேத்து மட்டும்தானா?"

மீசை கூரையைப் பார்த்தார். "முழுசா தொடைச்சது நேத்துதான்."

"அப்போ அரைகுறையா?"

"அப்பப்ப... சாயங்காலத்துல... குழல் மட்டும். லேசா ஒரு சொட்டு எண்ணெய்."

பரிசோதகருக்கு மச்சான் முகம் கண்முன் வந்து நின்றது. தங்கை புருஷன், எல்லைக் காவலில் இருக்கிறான். முழங்கால் சேற்றில் நிற்கிற வேலை. போன் சிக்னல்கூட எட்டாத இடம். லீவில் வந்தபோது, "இப்ப கையில இருக்கறது பக்கத்துல நின்னு தும்மினாலே சிக்கிக்கும் மச்சான். புதுசு எப்ப வரும்? நீங்க சரின்னு சொன்னா நான் கண்ணை மூடிட்டு வாங்கிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இத்தனை நாள் சுட்டதும் வீண். அதை இயக்குநர் அம்மாவிடம் சொன்னால் இவர் நாற்காலியும் வீண். கடிகாரத்தில் ஒன்பதரை.

"ஸ்டோர் அக்கா!" என்று குரல் கொடுத்தார். "பழைய பயிற்சித் தோட்டா ஏதாவது கிடக்கா?"

ஸ்டோர் அக்கா ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். மீசை மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுத் தள்ளினார். பெட்டி காலியாகியும் துப்பாக்கி அசரவில்லை. நேற்றுதான் எண்ணெய்க் குளியல் முடித்த சுகத்தில் வெண்ணெய் மாதிரி ஓடியது. குழல் வாயில் மட்டும் கொஞ்சம் கருப்பு.

"கண்ணுக்கு மை தீட்டின மாதிரி அழகாத்தான் இருக்கு" என்றார் ஸ்டோர் அக்கா.

"அழகா இருக்கக் கூடாதுக்கா!"

ஜெனரேட்டர் புகைக்குழாயில் கரி இருப்பது நினைவுக்கு வந்தது. பரிசோதகர் ஓடிப்போய்ச் சுரண்டி எடுத்து வந்தார். அது ஒட்டவில்லை, ஊதினால் பறந்தது. ஒட்டுவதற்கு வண்டியிலிருந்து வடித்து வைத்த பழைய என்ஜின் ஆயிலைக் கலந்தார்.

"இந்தாங்க அண்ணே, தடவுங்க."

மீசை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கழுத்தை வேணா வெட்டுங்க சார். இந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன்."

ஸ்டோர் அக்காவுக்கு அந்த மாதிரித் தயக்கமெல்லாம் இல்லை. பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துச் சுவருக்கு அடிப்பதுபோல் அடித்தார். "பாத்ரூம் ஜலதாரையில கூட அழுக்கு நெறைய இருக்கு தம்பி, கொண்டாரவா?"

"போதும்க்கா, போதும்!"

அதுவே கூடிப்போயிருந்தது. துப்பாக்கி சொட்டச் சொட்ட நின்றது. சுட்ட துப்பாக்கி இப்படி ஈரமாகவா இருக்கும்? உலர்த்துவதற்கு மண்மேட்டிலிருந்து புழுதியை அள்ளித் தூவினார். எண்ணெயும் கரியும் புழுதியும் சேர்ந்து குழைந்து களிம்பாகிவிட்டது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் காணாத பழைய கதவு மாதிரி முனகியது, பாதியில் நின்றுகொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மணி பத்தரை. பரிசோதகர் தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லை.

"மீசையண்ணே, உள்ள இருக்கறதை மட்டும் கொஞ்சம் வழிச்சுவிடுங்க. கொஞ்சம். புரியுதா? கொஞ்சமா."

மீசையின் முகம் மலர்ந்தது. துணியை எடுத்து உதறினார். பரிசோதகர் முகம் கழுவப் போனார். என்ஜின் ஆயில் லேசில் போகுமா? சோப்பைப் பாதி கரைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, மேசைமேல் துப்பாக்கி பளபளவென்று கிடந்தது. குழல் வழியே ஜன்னல் தெரிந்தது.

"கொஞ்சம்னு சொன்னேனேய்யா!"

"ஆரம்பிச்சா நிறுத்த வரல சார்" என்றார் மீசை. கை இன்னும் துணியை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன். பரிசோதகர் பிரஷ்ஷைப் பிடுங்கினார். கரி, ஆயில், புழுதி, கையில் அகப்பட்டது எல்லாம் ஒரே அப்பாக அப்பினார். முதல் தடவையாவது ஒரு நிதானம் இருந்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை.

இயக்குநர் அம்மா ஒரு சரக்கு லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். கார் வழியில் நின்றுவிட்டதாம். ஏற்கனவே சிடுசிடுப்பு. ஆனால் துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் இளகியது.

"பரவாயில்லையே! நெஜமாவே தொடைக்காம வெச்சிருக்கீங்க. நான்கூட நம்பல."

பரிசோதகர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

மீசை துப்பாக்கியை வாங்கி, அதனிடம் வாய்க்குள் ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குறிபார்த்தார். ஒரு தோட்டா போனது. அடுத்தது, க்ளக். சிக்கிய தோட்டாவை எடுத்துவிட்டு மறுபடி. ஒன்று போனது. க்ளக். மூன்றாம் தடவை போல்ட் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது.

"சரி" என்றார் இயக்குநர் அம்மா. "வேலைக்காகாத சரக்கு. வேண்டாம்னு எழுதிடறேன். பழசே இருக்கட்டும்."

பழசு. பக்கத்தில் நின்று தும்மினால் சிக்குகிற பழசு. பேசாமல் இருந்தால் நாற்காலி தப்பும். முழங்கால் சேற்றில் நிற்கிறவன் தப்புவானா?

"மேடம், அது... அது என்னோட அழுக்கு மேடம். துப்பாக்கியோட அழுக்கு இல்ல."

"என்னது?"

ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மீசை நடுநடுவே, "புள்ள மாதிரி மேடம், புள்ள மாதிரி" என்று சாட்சி சொன்னார். இயக்குநர் அம்மா முழுவதும் கேட்டார். என்ஜின் ஆயில் இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ, அழுக்கான துப்பாக்கிய இங்க யாரும் இதுவரைக்கும் சுடவே இல்ல?"

"இப்ப சுட்டோம் மேடம்."

"வாயை மூடுங்க."

இயக்குநர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்களை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கிறேன். சோதனை மறுபடி முதல் தோட்டாவுலேருந்து ஆரம்பிக்கணும். தெனம் சுட்டு முடிச்சதும் பூட்டி வைங்க. சாவி அந்த அக்காகிட்ட. இந்த ஆளு கையில துணி இருக்கக் கூடாது. கைக்குட்டைகூட!"

மீசை பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார், பட்டாளத்தில் சரணடைகிறவர் மாதிரி.

வெளியே வந்த பரிசோதகருக்கு மார்பில் கட்டியிருந்த கல்லை அவிழ்த்த மாதிரி இருந்தது. திட்டு வாங்கியது வாங்கியதுதான். ஆனாலும் மச்சான் கையில் போகப்போகிற துப்பாக்கி இனி ஒழுங்காகச் சோதிக்கப்பட்டுத்தான் போகும். அவசரப்பட்டு யாரும் அனுப்பிவிட முடியாது. லாரி நிழலில் போய் நின்று நெற்றியைத் துடைத்தார். கரி இன்னும் வந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் ஸ்டோரிலிருந்து பெரிய மூட்டைகளை இழுத்துவந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், உள்ள ஒரே சத்தம்?"

"அந்தப் புதுத் துப்பாக்கிதான். மறுபடியும் முதல்லேருந்து சோதிச்சுப் பாக்கப் போறோம்."

லாரிக்காரர் மூட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"இன்னும் சோதனையா? அந்த ரகத்தைத்தான் போன வாரமே ரெண்டு லோடு எல்லையில எறக்கிட்டு வந்துட்டேனே சார். இப்ப தொடைக்கத் துணி அனுப்பு, துணி அனுப்புன்னு வயர்லெஸ்ல அனத்துறாங்கன்னுதான் இந்த மூட்டைய ஏத்திட்டிருக்கேன்!"