பேனரைத் திருத்த இயலாது

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் தென்மாவட்டத்தார் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளைகளின் படங்களை ஆண்டுதோறும் சந்து வாசலில் பேனராகக் கட்டுவதே மேற்படி சங்கத்தின் தலையாய கடமை. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும். ‘வருங்கால இன்ஜினியர்’ என்பதுதான் பெரும்பாலும் அந்த வரி. வேறு ஏதாவது போட்டிருந்தால், பேனர் அடித்த அன்று அந்தப் பிள்ளையின் அப்பா ஊருக்குப் போயிருந்தார் என்று அர்த்தம். தான் என்ன படிக்கப் போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியும் முன்பே பேனருக்குத் தெரிந்துவிடும்.

எல்லாப் படங்களையும்விடப் பெரிதாக நடுவில் இருப்பது சங்கத் தலைவர் வானமாமலையின் படம். கீழே ‘கல்விச் சுடர், ஓய்வுபெற்ற உயரதிகாரி’ என்று இருக்கும். அவர் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் அவரை விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் ஆபீசை விடவில்லை. சங்கத்தில் பல்பு எரியாவிட்டால் ‘பொருள்: இருட்டு’ என்று தலைப்பிட்டு விவாதித்த பிறகுதான் புது பல்பு வாங்க ஆள் போகும். அதுவரை விவாதமும் இருட்டில்தான் நடக்கும்.

இந்த வருஷத்துப் பேனரில் தங்கசாமியின் மகள் இடம்பிடித்திருந்தாள். ‘வருங்கால ஆட்டோமொபைல் இன்ஜினியர் இசக்கிசெல்வி’ என்று தடித்த எழுத்து. அதற்கடியில் கொஞ்சம் சின்னதாக, ‘தந்தை: போக்குவரத்துத் தொழிலதிபர் தங்கசாமி’. அவர் ஓட்டுவது ஒரு கறுப்பு மஞ்சள் டாக்ஸி. அதுவும் வேறொருத்தர் வண்டி. ஆனாலும் பேனருக்குக் கீழே நின்று இரண்டாவது வரியை நாலைந்து தரம் வாசித்துவிட்டு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். போட்டோ கொடுத்தது, படிப்பைச் சொன்னது எல்லாம் அவர்தான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பேனர் விஷயத்தில் பிள்ளைகளைக் கேட்கிற வழக்கம் அந்தச் சந்தில் இல்லை.

இன்ஜினியர் என்றால் தங்கசாமிக்கு அப்படியொரு பக்தி. இத்தனை வருஷம் டாக்ஸி ஓட்டியும் அவர் வண்டிக்கு அடியில் ஒரு இன்ஜினியர்கூடப் படுத்து அவர் பார்த்ததில்லை. கண்ணிலேயே படாதவர்கள் என்றால் எவ்வளவு பெரிய ஆட்களாக இருக்க வேண்டும்!

அன்று சாயங்காலம் மகள் வந்து நின்றாள்.

“எப்பா, எனக்கு சயான் ஐடிஐயில மோட்டார் மெக்கானிக் டிரேடு கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். இல்லாட்டி சீட்டு போயிரும்.”

“ஏட்டி, பேனர்ல இன்ஜினியர்னுல்லா போட்டிருக்கு!”

“போட்டது யாரு?”

“சங்கம்.”

“அப்ப சங்கத்தைப் போய் இன்ஜினியரிங் படிக்கச் சொல்லுங்க.”

அடுப்படியில் மனைவி அன்னத்தாய் சிரித்த சத்தம் கேட்டது. தங்கசாமி அந்தப் பக்கம் முறைத்துவிட்டு, “இன்ஜினியரிங்ல என்ன குறை கண்டே?” என்றார்.

“குறையே சொல்லலப்பா. வண்டியைப் புதுசா வரையணும், கணக்குப் போட்டு உண்டாக்கணும்னு ஆசை உள்ளவுக அதைப் படிக்கட்டும். எனக்கு வண்டியைப் பிரிக்கணும். பிரிச்சு, என்ன கோளாறுன்னு பாத்து, திரும்ப மாட்டி ஓட வைக்கணும். சின்னப் பிள்ளையிலேருந்து நான் கேட்டது வேற ஏதாவது உண்டா?”

உண்மையில் அவள் வேறெதுவும் கேட்டதில்லை. தீபாவளிக்குத் துணிகூட அம்மா எடுத்ததைத்தான் உடுத்துவாள். ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று தங்கசாமி மகளையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனார்.

“கோரிக்கையைச் சுருக்கமாச் சொல்லும்,” என்றார் வானமாமலை.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்ஜினியருங்கறத எடுத்துட்டு மெக்கானிக்னு போட்டாப் போதும்.”

செயலாளர் தளவாய் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“கட்டின பேனரைத் திருத்த விதியில இடமில்ல,” என்றார் வானமாமலை. “பிள்ளையைத் திருத்த இடமிருக்கு.”

“பிள்ளை பிடிவாதமா இருக்கு அண்ணாச்சி.”

“பேனர் அதைவிடப் பிடிவாதமா இருக்குவே. கம்பி போட்டுக் கட்டியிருக்கு.”

“அந்த ஒரு வரி மேல மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாமே?”

“ஒட்டலாம். ஆனா ஒரு வரி தப்புன்னு தெரிஞ்சா ஜனங்க அதோட விடுமா? மத்த வரியையெல்லாம் சொரண்டிப் பாக்கும். பிள்ளைகளுக்குக் கீழ உள்ளதை, அப்பன்மாருக்குக் கீழ உள்ளதை, எனக்குக் கீழ உள்ளதை!”

தங்கசாமிக்குத் தொழிலதிபர் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர் ஸ்டிக்கரைப் பற்றிப் பேசவில்லை.

தளவாய் எடுத்துக்கொடுத்தார். “மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்துக் கிடப்பான். இன்ஜினியர் நின்னுக்கிட்டிருப்பான். ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு? அதுவும் போக, இனிமே எல்லாம் கரன்ட்டு வண்டி, ஏஐ. கோளாறு வந்தா வண்டி தன்னைத்தானே பாத்துக்கிடும்.”

“ஏஐ வந்து பஞ்சர் ஒட்டுமா மாமா?” என்றாள் செல்வி.

“அது அடுத்த அப்டேட்ல வரும்,” என்றார் தளவாய், அதைத் தானே போட்டுக்கொண்டிருப்பதைப் போல.

விஷயம் நிபுணர் கருத்துக்கு அனுப்பப்பட்டது. நிபுணர் வேறு யாருமில்லை, தளவாயின் மகன் ராஜகுமார்தான். சில வருஷம் முன்னால் இதே பேனரில் ஆட்டோமொபைல் இன்ஜினியராக இருந்து, பிறகு நிஜமாகவே பி.இ. முடித்து, இப்போது செம்பூரில் ஒரு கார் ஷோரூமில் வேலை பார்க்கிறவன். பதவியின் பெயர் ‘டெலிவரி எக்ஸ்பீரியன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’. அதை ஒரே மூச்சில் சொல்லத் தளவாய் வீட்டில் எல்லோரும் பழகியிருந்தார்கள்.

“அண்ணே, அங்க உங்களுக்கு என்ன வேலை?” என்று, சங்கத்துக்கு வந்து நின்றவனிடம் கேட்டாள் செல்வி.

“வாகனத்துறை.”

“சரி. காலையில போய் என்ன செய்வீய?”

“புது வண்டி மேல பட்டுத்துணி போத்தி வச்சிருப்பாங்க. கஸ்டமர் ஃபேமிலியோட வந்து நின்னதும் நான் துணியை உருவணும்.”

“பொறவு?”

“கை தட்டணும்.”

“பொறவு?”

“அடுத்த வண்டி.”

“இது எந்த செமஸ்டர்ல வந்துச்சு அண்ணே?”

“அரே, கிண்டல் பண்ணாத. துணி கண்ணாடியில மாட்டிக்கிட்டா எந்தக் கோணத்துல இழுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு.” பிறகு அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பானெட்டைத் திறந்து உள்ள பாக்கணும்னு எனக்கும் ஆசைதான். பரிட்சையில அவ்வளவு படம் போட்டேன்ல. நேர்ல அப்படியேதான் இருக்கான்னு பாத்துக்கிடலாம். விட மாட்டேங்கிறாங்க.”

“நிபுணர் கருத்து: பொறியியலே சிறந்தது,” என்றார் வானமாமலை. “பதிவு பண்ணிக்கிடும் தளவாய்.”

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்த செல்வி, சோறு போட்டும் திரும்பவில்லை. அழுகிறாளா என்று தெரியவில்லை. தங்கசாமிக்கும் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் டாக்ஸி எடுக்கப் போகாமல் நேரே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“அண்ணாச்சி, நாளையோட சீட்டு போயிரும். என் பிள்ளை முகத்தைப் பாக்க முடியல. ஏதாவது வழி சொல்லுங்க.”

வானமாமலை கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆபீசில் இருந்த காலத்திலும், முடியாது என்று எழுதிவிட்டுப் பின்பக்கமாகச் செய்துகொடுப்பார் என்று பேர் வாங்கியவர்தான். கண்ணை மூடி யோசித்தார். பிறகு வாய்மொழியாக உத்தரவு பிறந்தது.

“மேற்படி இசக்கிசெல்வி சந்துக்கு வெளியே மெக்கானிக்காகவும், சந்துக்கு உள்ளே இன்ஜினியராகவும் இருந்துகொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார். யூனிஃபார்முடன் பேனரின் பார்வையில் படலாகாது. போகவர பின்சந்தைப் பயன்படுத்துக. கையில் உள்ள கிரீசை சயானிலேயே கழுவிவிட்டு வருக.”

தங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமை செல்வி போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பு தொடங்கிய முதல்நாள், நீல யூனிஃபார்ம் போட்ட மகளை மறைத்துக்கொண்டு தங்கசாமியே பின்சந்து வழியாகக் கூட்டிப்போனார். ஒரு ஆள் நடக்கிற அகலம். நடுவில் சாக்கடை, அதன்மேல் ஆடுகிற பலகைகள். பூனைகூடப் போகாத சந்து என்று நினைத்துத்தான் அவர் காலை வைத்தார். உள்ளே தாதர் ஸ்டேஷன் மாதிரி கூட்டம்.

முன்னால் ராஜகுமார், ஷோரூம் தலைப்பாகையும் கழுத்தில் ஜரிகைத் துண்டுமாக ஒருக்களித்துப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் போன வருஷத்து ‘வருங்கால விமானப் பொறியாளர்’, முதுகில் பெரிய சாப்பாட்டுப் பையோடு இரண்டு சுவர்களுக்கும் நடுவில் சிக்கியிருந்தான். ‘வருங்கால ஐடி வல்லுநர்’ ஒருத்தர் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வழிக்காகக் காத்திருந்தார். எல்லோரும் கீழே பார்த்தே நடந்தார்கள். கீழே பார்க்காவிட்டால் சாக்கடையில் விழ வேண்டியதுதான். அதனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

சந்து முடிகிற இடத்தில் வாட்ச்மேன் யூனிஃபார்மில் ஒருத்தர், கையில் டிபன் டப்பா, கழுத்தில் விசில். நிமிர்ந்தார். வானமாமலை.

மாட்டுங்காவில் ஏதோ ஒரு பில்டிங் வாசலில் அவருக்குப் பகல் டியூட்டி.

“ஆய்வுக்கு வந்தேன்,” என்றார் வானமாமலை.

“நானும் ஆய்வுக்குத்தான் அண்ணாச்சி,” என்றார் தங்கசாமி, காக்கிச் சட்டையின் பட்டனைத் தடவிக்கொண்டே.

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் ஆய்வு செய்யாமல் விலகிப் போனார்கள்.

ஆனால் செல்விக்குத் தினமும் லேட்டானது. சாப்பாட்டுப் பை ஒருநாள் சிக்கும், இட்லிப் பாத்திரம் ஒருநாள் சிக்கும். ஐடிஐயில் ஃபர்ஸானா மேடம் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இன்னொரு தடவை லேட்டா வந்தா பேரை அடிச்சிருவேன். வரணும்னு காத்துக்கிட்டு வெளிய ஆள் இருக்கு.”

மறுநாள் காலையில் செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டு முன்சந்துப் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, அந்தப் பக்கம் பேனர் இருக்குட்டி!”

“இருக்கட்டும். பேனருக்கு லேட்டாகாது. எனக்கு ஆகும்.”

தங்கசாமி பின்னாலேயே ஓடினார். ஊரே கூடிச் சிரிக்கப்போகிறது, நாளைக்குத் தொழிலதிபரையும் சொரண்டப்போகிறது என்று அவருக்குப் பயம். வாசலுக்கு வந்து பார்த்தால் முன்சந்தில் ஒரு மனுஷர் இல்லை. ஒரு ஆடு மட்டும் பேனருக்குக் கீழே படுத்திருந்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அந்நேரம் பின்சந்தில் பலகை பலகையாக ஒளிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

செல்வி தன் படத்தைத் தானே ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். நீல யூனிஃபார்மில் கைவீசிப் போய் பஸ்ஸைப் பிடித்தாள். தங்கசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல, அகலமான சந்தை விட்டுவிட்டா சாக்கடை மேல் நடந்தோம்!

அன்று சாயங்காலம் அன்னத்தாயிடம் சத்தியம் செய்தார். “இனிமே நானும் முன்சந்துதான். டாக்ஸி ஓட்டுதேன், அதுல என்ன ஒளிவு?” அந்தச் சந்தோஷம் தாங்காமல் சங்கத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டார். “அண்ணாச்சி, முன்சந்து சும்மாவே கிடக்கு. ஒரு ஆள் பேனரைப் பாக்கல.”

வானமாமலைக்கு முகம் மாறிவிட்டது. பார்க்க ஆளில்லாத பேனரா? தங்கசாமி கிளம்பிப் போனதும் அவசரக் கூட்டம். ‘முன்சந்தில் பொதுமக்கள் நடமாட்டம் அற்றுப்போனதாலும், பின்சந்தில் கல்விமான்கள் பெருந்திரளாகப் போய்வருவதாலும், மேற்படி பேனரைப் பின்சந்தில் கட்டுவது’ என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. அன்றைக்கே கம்பியை அறுத்து, அங்கே கொண்டுபோய்க் கட்டியும் விட்டார்கள்.

விடிந்தது. முன்சந்தில் இட்லிப் பாத்திரம், சாப்பாட்டுப் பை, ஜரிகைத் துண்டு, விசில் என்று ஒரே நெரிசல். எல்லோரும் குனிந்தே நடந்தார்கள். முன்சந்தில் சாக்கடை கிடையாது, இருந்தாலும் குனிந்தே நடந்தார்கள்.

செல்வி யூனிஃபார்மில் தயாராகி வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, “எப்பா, பின்சந்து காலியாக் கிடக்கு. வாங்க, அப்படிப் போயிருவோம்,” என்றாள்.

காக்கிச் சட்டையும் கையில் டாக்ஸி சாவியுமாக நின்ற தங்கசாமி, முதல்நாள் செய்த சத்தியத்தோடு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். வைத்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பேனரை எந்தப் பக்கம் கட்டியிருக்காவட்டி?”