குமுளி வரை போன தாய்மாமன்

தூக்கம் வராதவனுக்கு ஊரே வைத்தியர். கசகசாப் பால், உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அமெரிக்காவை நம்பினேன். (அமெரிக்கக் கற்பூரம் என்றால் இன்னும் பிரகாசமாக எரியும் என்று நினைக்கிற வயது.)

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவு வேலை பார்த்தேன். பகலில் படுத்தால் கண் மூடாது. அமெரிக்கா போய்வந்த நண்பன் மெலடோனின் டப்பா ஒன்றைக் கொடுத்தான்.

"இது தூக்க மாத்திரை இல்லைடா. இருட்டுனா நம்ம உடம்பே சுரக்குறதுதான். ஒண்ணு போதும். ஆனா போட்டா விடிய விடியத் தூங்க நேரம் இருக்கணும்."

முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் தாய்மாமன் சீர். "ஏழரைக்கு மேல ஒம்போதுக்குள்ள முகூர்த்தம். இவ வீட்டாளுக யாரையும் காணோமேன்னு ஒருத்தரும் கேட்டுறக் கூடாதுலே" என்று போனில் சொல்லியிருந்தாள்.

தோட்டைப் பையில் வைத்துக்கொண்டு குமுளி பஸ்ஸில் ஏறினேன். வழக்கம்போல இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு. வத்தலக்குண்டு தாண்டும்போது விடிந்தது. போட்டோவில் கண் சிவந்து திருடன் மாதிரி நிற்கக் கூடாதே என்ற கவலை வந்தது. கம்பம் போவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று இரண்டு மாத்திரையை விழுங்கினேன். உடம்பில் சுரப்பதுதானே, கொஞ்சம் கூடச் சுரந்தால் என்ன?

கண் விழித்தபோது குளிரடித்தது. பஸ் கம்பத்தைத் தாண்டி மலையேறி, கேரள எல்லையில் குமுளியில் நின்றிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் மலையாளத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கம்பத்துல இறங்கணும்னீகளே! எவ்வளவோ எழுப்பிப் பார்த்தேன். 'ப்ளீஸ் ஸ்டே ஆன் தி லைன் சார்'னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீக."

போனில் அக்காவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. ஜீப் பிடித்து மலையிறங்கி மண்டபத்துக்குள் ஓடியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட வந்த எங்கள் தூரத்துப் பங்காளி ஒருவர் மடியில் பிள்ளையை வைத்து, ஆசாரி கையிலிருந்த செம்புக் கம்பியைப் போட்டுக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து அத்தான் தோளில் கிடந்தது.

அக்கா திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. தோட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

"யாராச்சும் கேட்டாகளாக்கா?"

"கேட்டாக. பஸ்ஸு மக்கர் பண்ணிருச்சுன்னு சொன்னேன். போய்ச் சாப்பிடு."

எனக்காக அவள் சொன்ன பொய் இன்றும் என்னைக் குடைகிறது. எத்தனை சீர் செய்தாலும் அந்தக் காலைப்பொழுது திரும்புமா? ஆல்பத்தில் நான் ஒரே படத்தில் இருக்கிறேன், ரசத்துக்குக் கையேந்தியபடி. (கண் சிவக்கவில்லை. அருமையாகத் தெளிந்திருக்கிறது.)

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணம் பேசியிருக்கிறார்கள். முகூர்த்தம் காலை ஆறு மணி. போன வாரம் போன் செய்தாள்.

"மாமா, ஒங்களுக்கு ரூம் போட்டாச்சு."

"எங்கம்மா, மண்டபத்துலயா?"

"குமுளில. எப்படியும் அங்கனதான இறங்குவீக?"

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. கூடவே அவள் குரலும்: "அவன முந்துன நாளே வரச் சொல்லுடி. இந்தத் தடவ எனக்குப் பொய் சொல்ல வராது."