சங்கரன்கோவிலுக்கு வந்த கப்பல்

"நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், தூத்துக்குடியில நிக்குத கப்பலு சங்கரன்கோவிலுக்கே வந்துரும்!"

தெற்கு ரதவீதி டீக்கடையில் சங்கரராமன் இப்படிச் சொன்னதும், டீ ஆற்றிக்கொண்டிருந்த ஃபாரூக்கின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. டீ மட்டும் பழக்கதோஷத்தில் டம்ளருக்குள் போய் விழுந்தது. சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் உள்ள ஒரே உறவு கருவாடு. சாக்கடை நிரம்பி ஓடினாலே நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. இங்கே கப்பலாம்!

"எந்த வழியா வரும் அண்ணாச்சி? கழுகுமலை வழியா, திருவேங்கடம் சுத்தியா?" என்று கேட்டார் தங்கசாமி.

தங்கசாமி பக்கத்து வீட்டுக்காரர். கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர். மழை பெய்தால்கூடக் கையை வெளியே நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். ஊரில் எல்லோரும் சங்கரராமனிடம் கதை கேட்பார்கள். தங்கசாமி மட்டும் குறுக்கு விசாரணை செய்வார்.

சங்கரராமன் தூத்துக்குடியில் சாகரவல்லி பயணிக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழும்புக்குப் போகிற கப்பலில் ஏறும் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவதுதான் உத்தியோகம். கரைக் கணக்கும் கப்பல் கணக்கும் ஒத்துப் போனால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். கப்பலில் மட்டும் அவர் ஒருநாளும் பயணம் போனதில்லை; தெப்பம் ஆடுவதைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அதனால் என்ன? அவர் சொல்லும் கதைகளில் சூறாவளி அவரைக் கேட்டுத்தான் திசை மாறும்.

"ஏலே தங்கம், அந்தக் கம்பெனி சரித்திரம் உனக்கு என்ன தெரியும்? பெரிய முதலாளி கருப்பட்டி வியாபாரி. கல்யாணம் கட்டினது கொழும்புல. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகணும். அடுத்தவன் கப்பல்ல போனா மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை? சொந்தமா ஒரு கப்பலை வாங்கிட்டாரு. அப்படி ஆரம்பிச்ச கம்பெனிவே அது!"

"தீபாவளி முடிஞ்ச பொறவு கப்பலை என்ன செய்ய? மிச்ச நாளைக்கு டிக்கெட் போட்டாராக்கும்."

"பின்ன! முதல் பயணத்துல அலையடிச்சு, முதலாளி நம்ம கோமதி அம்மனை வேண்டிக்கிட்டாரு. அன்னையில இருந்து நம்ம கோவில் புத்து மண்ணு ஒரு பொட்டலம் சுக்கான்ல கட்டியிருக்கணும். கொண்டு போய்க் குடுத்தது யாரு? நான்தான். இப்ப நான் வேலையை விட்டு வந்துட்டேன், பொட்டலம் கரைஞ்சுட்டாம். மாலுமிக கயித்தைத் தொட மாட்டேங்காங்கன்னு கேப்டன் இசக்கித்துரை இப்பத்தான் போன்ல அழுதான்."

"அழுத சத்தம் எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எதுதான் கேட்டுருக்கு?"

தங்கசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "சரி அண்ணாச்சி. ஆடித் தபசுத் திருவிழாவுக்குள்ள உங்க கப்பலை இங்கன வரச் சொல்லுங்க. வந்துட்டா இந்த பெஞ்சு மேல ஏறி நின்னு, 'வந்தது நிஜம்'னு ஊரறியச் சொல்லுதேன். வரலன்னா, இனிமே உங்க வாயில கப்பல் கதையே வரக்கூடாது. சம்மதமா?"

சங்கரராமனிடம் சோற்றை விடச் சொல்லியிருந்தால்கூட யோசித்திருக்க மாட்டார். கப்பல் கதையை விடுவதா! ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்மதம்!" என்றது வாய்.

கப்பலை வரவழைப்பது இருக்கட்டும், முதலில் மண்ணை அனுப்பிக் கேப்டனைக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தார். கோவிலில் இருந்து எடுத்துவந்த புற்றுமண்ணை மஞ்சள் துணியில் கட்டினார். மனைவி முத்துமீனாளும் அதே மஞ்சள் துணியில், தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட மகள் சிவப்ரியாவுக்குச் சாம்பார் பொடி கட்டி வைத்திருந்தாள்.

தங்கசாமியின் மகள் சுமதி வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பெண். போன தை மாதம் சிநேகிதிகளோடு இதே கப்பலில் கொழும்பு போய் வந்தவள். "நம்ம வீட்டுப் பிள்ளை, பத்திரமாப் பாத்துக்கோ" என்று கேப்டனிடம் சங்கரராமனே சொல்லி அனுப்பியிருந்தார்.

"பெரியப்பா, ரெண்டையும் குடுங்க. நானே முடிச்சுப் போட்டு, பேரு எழுதி, தூத்துக்குடி பஸ்ல குடுத்துட்டு வாரேன்."

"இதுக்குத்தான்ட்டி பிள்ளைன்னு ஒண்ணு பக்கத்துல வேணும்கது. உங்கய்யாவும் இருக்கானே!"

மறுநாள் கேப்டனிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, பொட்டலத்தைச் சுக்கான்ல கட்டிப் புறப்பட்டோம். ஆடிக் காத்து ஒண்ணு அடிச்சது பாருங்க! பொடி பறந்து எனக்குத் தும்மல், பக்கத்துல நின்னவனுக்குத் தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் சுக்கான் ஒரு திருப்பு. கப்பல் ஒரு வட்டம் அடிச்சுட்டுப் புறப்பட்ட இடத்துலயே வந்து நின்னுட்டு. சமையல்காரரு மோந்து பாத்துட்டு, நல்ல சாம்பார் பொடின்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

சங்கரராமன் தலையில் கை வைத்தார்.

"ஆனா முடிச்சு பிரமாதம் அண்ணாச்சி. கப்பல்காரன் போட்ட முடிச்சு மாதிரி இருந்துச்சு. யார் போட்டது?"

"வேற யாரு? நான்தான்!"

அந்தப் பக்கம் கேப்டனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தும்மலின் மிச்சம் என்று சங்கரராமன் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சிவப்ரியா அம்மாவைக் கூப்பிட்டாள். "ஏம்மா, இந்தத் தடவை பொடியில என்ன போட்ட? உங்க மருமகன் ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிடுதாரு. அடுத்தாப்ல தேங்காய் உடைக்கணுமான்னு கேக்காரு."

முத்துமீனாள் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"நாளைக்கே வேற மண்ணு அனுப்புதேன்" என்று சங்கரராமன் அவசரமாகச் சொன்னார்.

"வெறும் மண்ணா பெரியப்பா?" என்றாள் சுமதி. "ரெண்டு நாள் பயணம் கெட்டுப்போன கப்பல்லா! கோவில்ல காணிக்கை போடுத பாம்புத் தகடு, தேள் தகடு எல்லாம் சேத்து அனுப்பினா சக்தி கூடும்."

"ஏட்டி, உனக்கு இருக்க அறிவுல கால்வாசி உங்கய்யாவுக்கு இருக்கக் கூடாதா!"

வெள்ளிப் பாம்பு ஒன்று, வெள்ளித் தேள் இரண்டு, நடுவில் மண். ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கப்பல் கம்பெனியில் சாமான்களைச் சோதிக்கிற ஸ்கேனருக்குச் சங்கரன்கோவில் வழக்கம் எதுவும் தெரியாது. பெட்டிக்குள் பாம்பு படுத்திருக்கிறது, தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று திரையில் அப்பட்டமாகக் காட்டிவிட்டது. காவலுக்கு இருந்தவர் ஓடிய ஓட்டத்தில் அவருடைய ஒரு செருப்பு திருச்செந்தூர் சாலையில் கிடைத்ததாகச் சங்கரராமன் பிற்பாடு சொல்வார். பாம்பு பிடிக்கிறவர் வந்தார். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்கள். மண் சேறாகிவிட்டது. அன்றைக்கும் கப்பல் நகரவில்லை.

"முடிச்சு மட்டும் இந்தத் தடவையும் அருமை அண்ணாச்சி" என்றார் கேப்டன்.

தபசுக்கு முந்தின நாள். டீக்கடையில் தங்கசாமி உற்சாகமாக இருந்தார்.

"அண்ணாச்சி, கப்பல் எங்கன வந்துகிட்டு இருக்கு? கோவில்பட்டி ரயில்வே கேட்டு அடைச்சிருக்கோ?"

கடையே சிரித்தது. சங்கரராமன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போய்ப் பாயில் சுருண்டுகொண்டார். நாளை மறுநாளில் இருந்து எதைப் பேசுவது? மின்சாரக் கட்டணத்தையா? பக்கத்து வீட்டுக் கோழியையா?

சுமதிதான் வந்து எழுப்பினாள். "பெரியப்பா, நீங்க எதுக்குப் பார்சல் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க? வேணுங்கவங்கதான வந்து வாங்கணும்? 'கேப்டனே நேர்ல வந்து பயபக்தியோட வாங்கினாத்தான் மண்ணு பலிக்கும்'னு சொல்லுங்க."

"வருவானாட்டி?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

சங்கரராமன் பயந்துகொண்டே கேட்டார். "வாரேன் அண்ணாச்சி!" என்று கேப்டன் சொன்ன வேகத்தைப் பார்த்தால், காரை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் போனை எடுத்திருப்பார் போலிருந்தது.

மறுநாள் ஆடித் தபசு. காலையிலேயே காற்று கடுமையாக இருந்ததால் அன்றைய பயணம் ரத்தாகிவிட்டது. பயணிகள் போக இடமில்லாமல் விழித்தார்கள். கேப்டன் ஒரு யோசனை சொன்னார். சாயங்காலம் அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கிற நேரத்துக்குச் சரியாக மூன்று பஸ் வந்து ஊர் எல்லையில் நின்றன.

தெற்கு ரதவீதியில் தலைகள்தான் தெரிந்தன. அந்தத் தலைகளைப் பிளந்துகொண்டு ஒரு ஆரஞ்சு நிற ஆறு வந்தது. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று, பயணிகள் எல்லோருக்கும் கப்பலின் மிதவைச் சட்டையைக் கேப்டன் மாட்டிவிட்டிருந்தார். முன்னால் வெள்ளை உடுப்பில் கேப்டன் இசக்கித்துரை, மேலநீலிதநல்லூர்க் கரிசலில் பிறந்து கடலுக்குப் போன முப்பது வயசுப் பையன். பின்னால் கப்பல் மணியை இருவர் தூக்கி வந்தார்கள். அதற்குப் பின்னால் சமையல்காரர்.

"இது என்ன விரதம்மா? புதுசா இருக்கு" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தூத்துக்குடிப் பக்கம் ஆரஞ்சுதான் போடுவாங்களாம்" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் மிதவைச் சட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சங்கரராமன் ஓடிப்போய்த் தங்கசாமியைப் பிடித்து இழுத்து வந்தார். காட்சியின்போது விளைச்சலைச் சாமிக்கு எறிகிற வழக்கப்படி, பருத்தி நிறைந்த பையோடு வந்த தங்கசாமி, அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தியா கப்பலை!"

"இது பஸ்ஸுல வந்த கூட்டம். கப்பல் எங்கன?"

கேப்டன் பணிவாகச் சொன்னார்: "மாமா, கேப்டன் இங்கன, மாலுமிக இங்கன, மணி இங்கன, பயணிக இங்கன. தூத்துக்குடியில நிக்குதது வெறும் இரும்பு."

"இரும்பு வந்தாத்தான் கப்பல்" என்று தங்கசாமி கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் காட்சி ஆகிவிட்டது. பருத்தியும் வத்தலும் காய்கறியும் வானத்தில் பறந்தன. சமையல்காரர் மிதவைச் சட்டைக்குள் கத்திரிக்காயாகப் பிடித்துச் சேர்த்தார்.

கிளம்பும்போது பஸ் வாசலில் நின்று சங்கரராமன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். அதே ஒன்று குறைந்தது.

"யாரு இல்ல?"

"கேப்டன்" என்றார் சமையல்காரர்.

ரதவீதி முழுக்கத் தேடினார்கள். கடைசியில் தங்கசாமி வீட்டுச் சந்திலிருந்து கேப்டன் வந்தார். தொப்பியில் பருத்தி, முகமெல்லாம் வேர்வை.

"எங்கவே போன?"

"தண்ணி குடிக்கப் போனேன் அண்ணாச்சி." கேப்டன் ஏறிக்கொண்டார். புற்றுமண் பொட்டலத்தைச் சங்கரராமன்தான் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் அதை மறந்தே போயிருந்தார்.

அதற்கப்புறம் தங்கசாமி டீக்கடைப் பக்கமே வரவில்லை. சங்கரராமன் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் எல்லோரும் சிரித்தார்கள்.

"அது விரதக்காரங்க அண்ணாச்சி. நானே தொட்டுக் கும்பிட்டேன்" என்றார் ஒருவர். "பந்தயம் தோத்துட்டு. இனிமே கப்பல் கதை கிடையாது" என்றார் இன்னொருவர்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதை உண்மையாகவே நடந்திருந்தது. அதை நம்ப ஓர் ஆள் இல்லை! சங்கரராமன் வாயை மூடிக்கொண்டார். வீட்டில் சட்னி அரைக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் போக, முத்துமீனாளே பயந்துவிட்டாள்.

"ஏதாவது பேசுங்களேன். அந்தச் சூறாவளிக் கதையவாவது சொல்லுங்க. நான் ஊங்கொட்டுதேன்."

அவர் சொல்லவில்லை. பந்தயம் பந்தயம்தான்.

ஒரு காலையில் தங்கசாமி டீக்கடைக்கு வந்தார். புது வேட்டி. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. யாரிடமும் பேசாமல் செருப்பைக் கழற்றினார். பெஞ்சு மேல் ஏறினார். ஃபாரூக்கின் கை மறுபடியும் அந்தரத்தில் நின்றது.

"ஊர்க்காரங்களே, கேட்டுக்கிடுங்க. சங்கரராமன் அண்ணாச்சி சொன்னது நிஜம். சங்கரன்கோவிலுக்குக் கப்பல் வந்துச்சு."

சங்கரராமன் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களாலே! என் மண்ணுக்கு உள்ள மகிமை! கேப்டனே தேடி வந்தான்லா!"

தங்கசாமி தட்டை அவர் கையில் வைத்தார்.

"மண்ணும் கரையல, எவனும் தும்மல அண்ணாச்சி. உங்க பேச்சைக் கேட்டு அந்தக் கேப்டன் என் மகளைத் தையில இருந்தே பத்திரமாப் பாத்துக்கிட்டு இருக்கான். ஆவணியில கல்யாணம், கப்பல் வந்தது மாமனார் வீட்டுக்கு."