மீன்தொட்டிக்குள் ஓர் உப்பளம்

உப்பைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க முடியாது. புத்தளத்தில் மூன்று தலைமுறையாக உப்பு விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. இதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். (மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.)

மனைவி ரிஸ்னா கற்பிட்டிக்காரி. கலியாணமாகி வந்தபோது அவளோடு ஒரு கடல்நீர்த் தொட்டியும் வந்தது. அதற்குள் ஒரு பவளக் கல், கல்லின் பொந்துக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். வெள்ளைத் தலை, சிவப்பு வால் என்று அவள் சொல்லித்தான் தெரியும். நான் நடக்கிற சத்தம் கேட்டாலே பொந்துக்குள் பாய்ந்துவிடும் அந்தக் கூச்சக்காரன், அவள் போய் நின்றால் மட்டும் மெல்ல வெளியே வருவான். எனக்கு எரிச்சல் வராதா?

போன வருடம் தன் உம்மாவுக்குச் சுகமில்லையென்று ரிஸ்னா ஊருக்குப் போனாள்.

"தொட்டியில தண்ணி வத்தினா கிணத்துத் தண்ணிய ஊத்துங்க. உப்புத் தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, கேட்டீங்களா?"

"ஓம், ஓம்" என்றேன். மனதுக்குள் ஒரே சிரிப்பு. கடல் மீனுக்குக் கிணற்றுத் தண்ணீரா? அதுவும் உப்பளத்துக்காரன் வீட்டில்?

தண்ணீர் வற்றியது. எங்கள் பாத்தியில் உப்புப் பூக்கத் தயாராக நின்ற தண்ணீரில் ஒரு கேன் கொண்டுவந்து ஊற்றினேன். மறுபடி வற்றியது, மறுபடி ஊற்றினேன். சும்மா சொல்லக்கூடாது, பலன் கிடைத்தது! மீன் பொந்தைவிட்டு வந்து, மேலே மிதந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு சலாம் சொல்கிறதென்றே நினைத்தேன். உடனே படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன்: "கூச்சம் தெளிஞ்சிட்டு. பழக்கிற ஆள் பழக்கினா எல்லாம் பழகும்."

காலையில் போட்ட படம் கற்பிட்டிக்கும் போயிருக்கிறது. பகல் சோற்றுக்கு முன்பே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரிஸ்னா செருப்போடு உள்ளே ஓடினாள். பின்னால் வந்த மாமா, அவளுடைய வாப்பா, தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"என்னத்த ஊத்தினீங்க மருமகன்?"

"நம்மட உப்பளத்துத் தண்ணிதான் மாமா. சுத்தமான சாமான்."

"யா அல்லாஹ்!" ரிஸ்னா என் பக்கம் திரும்பினாள். "தண்ணிதான் வத்தும், உப்பு அங்கயே கிடக்கும். இத வெச்சுத்தானே மூணு தலைமுறையா சோறு திங்கிறீங்க? இந்த மீன் மவுத்தாகினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டன்!"

உண்மையாகவே பயந்து போனேன். தொட்டியில் கொஞ்சம் அள்ளி வெளியே கொட்டுவதும், கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் சேர்ப்பதுமாக அவள் அங்கேயே இருந்தாள். வாளி தூக்கியது நான். (ரோஷம் வேறு, வாளி வேறு.) பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்கும்போது மீன் தன் பொந்துக்குள் போய்ப் புகுந்தது. ரிஸ்னா அழுதுகொண்டே சிரித்தாள். என் உயிரும் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் கற்பிட்டியில் விருந்துக்குப் போனால், சோற்றுக்கு ஊற்றுகிற மீன் ஆணத்தில் உப்புக் குறைந்தால் போதும், மாமா குசினியில் சமைப்பவர்களைப் பார்த்துக் கத்துவார்: "உப்பத் தேடாதீங்க, மருமகன்ட கைய ஒருக்கா முக்கி எடுங்க!"

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கெல்லாம் தலைகுனிகிற ஆளா நான்? சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு, "கொண்டாங்க சட்டிய!" என்பேன்.