யெஸ் சேர், கேட்கிறது

பேய்க்கு நான் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் இதை எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம், ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், அக்காவும் நானும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. அக்காவுக்கு டோனற் கடையில் பகல் வேலை. மேல்வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்றே நம்பியிருந்தேன். (புதிதாக ஒருவர் குடிவந்ததை அக்கா சொன்னாளாம். அரை நித்திரையில் நானும் 'ஓம்' சொன்னேனாம்.)

ஜனவரி மாதம். ஜன்னலைப் பனி மூடியதில் பகல் இரண்டு மணிக்கே அறை இருண்டு கிடந்தது. சூடு வரும் துவாரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் முனகும் சத்தம் கேட்டு விழித்தேன். சொல் எதுவும் இல்லை, வெறும் முனகல். அதன் பின்னால் சைரன். பிறகு ஹெலிகொப்ரர்.

(ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து ஊரில் என்ன செய்வோமோ அதையே செய்யப் பார்த்தேன். ஆனால் மெத்தை தரையில் கிடந்தது. கட்டில் இல்லாதவன் எதற்குக் கீழே புகுவது? தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டேன்.)

எல்லாம் அடங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: "கீழே இருப்பவரே, கேட்கிறதா?"

நான் கீழேதான் இருந்தேன். கேட்டும்விட்டது.

"யெஸ் சேர்," என்றேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். "கீழே இருப்பவரே, கேட்கிறதா?"

"யெஸ் சேர், வெரி குட் சேர்!"

டிக். அதே கேள்வி, அதே ஏற்ற இறக்கம், அதே மூச்சு. உயிருள்ள எவனும் ஒரு கேள்வியை இருபது தரம் இம்மி பிசகாமல் கேட்கமாட்டான். அக்காவின் கடைக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, செத்துப்போன ஆரோ மேலையிருந்து என்னைக் கூப்பிடுகினம்."

"விசரா, இஞ்சை லைனில ஆக்கள் நிக்கினம். திருநீறைப் பூசிக்கொண்டு போய்ப் பார்!"

பூசினேன். நெற்றி மட்டும் போதுமா என்று சந்தேகம் வந்ததால் முகம், கழுத்து, நெஞ்சு முழுக்கப் பூசினேன். சாரத்தை மடித்துக் கட்டி, வீடு கூட்டும் தும்புத்தடியோடு படியேறினேன். கதவு தள்ளியதும் திறந்தது.

திரை மூடிய அறை. தரையில் ஒரு வயதான கறுப்பின மனிதர் மல்லாந்து, கைகளை நெஞ்சில் கோத்தபடி கிடந்தார். அவருடைய உதடு அசையவில்லை. குரல் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

குனிந்து மூக்கடியில் விரலை வைத்தேன். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். கண் விழித்தால் எதிரே வெள்ளை முகம், வெறும் மேல், கையில் தடி. அவர் அலறினார். நான் அதைவிட உரத்து அலறி, பின்னால் பாய்ந்து, ஒரு மேசையில் மோதினேன். கிறீச்ச் என்று நீளமாக ஏதோ கிழிபட்டது. குரல் நின்றது.

மேசையில் ஒரு இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

அவர் லைற்றைப் போட்டு, தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே கீறல். என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதில் சக்சபோன் வாசிப்பது என் தம்பி," என்றார். "அவன் இப்போது இல்லை."

அந்த இடத்திலேயே செத்து, உண்மையான பேயாகிவிடலாம் போலிருந்தது எனக்கு.

பெயர் டெஸ்மண்ட், ஊர் ஜமேக்கா. அவருக்கும் இரவு வேலைதான். முதுகு நோவால் தரையில் படுப்பாராம். தட்டு ஓடும்போதே தூங்கிப்போயிருக்கிறார், ஊசி சிக்கிவிட்டது. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். எழுபதுகளில் கறுப்பினக் கலைஞர்கள் செய்த சோல் இசையும் ஜாஸ் இசையும் கலந்த தட்டு அது என்றார். போரையும், பொலிஸையும், நகரத்து ஏழைகள் படும் பாட்டையும் பற்றியது.

"கீழே இருப்பவர் என்றால், வசதியானவர்களின் காலடியில் வாழும் சனம்."

"நான் உண்மையாகவே கீழேதான் இருக்கிறேன்," என்றேன். "பேஸ்மென்ற்றில்."

அப்போதுதான் சிரித்தார். பிறகு தட்டைத் திரும்ப ஓடவிட்டார். தம்பியின் சக்சபோனுக்குள்ளும் சுற்றுக்கு ஒரு 'டிக்' என்று என் கீறல் கேட்டது. ஊதி முடித்து அவன் மூச்சை இழுப்பதுகூட அதில் பதிந்திருந்தது. செத்தவன் ஒருவன் என் காதருகே மூச்சு வாங்கினான். உடம்பு புல்லரித்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை.

அதே தட்டைத் தேடி ரொறன்ரோவில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். கிடைக்கவேயில்லை.

சில வருடங்களில் எனக்குக் கல்யாணம். கோட் சூட்டோடு வந்த டெஸ்மண்ட் தந்த உறையில் 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் டப்பி' என்று எழுதியிருந்தது.

"ஆரப்பா உந்த டப்பி?" என்று புதுப்பெண் கேட்டாள்.

சின்ன டப்பா என்று அர்த்தம் என்று சமாளிக்கப் பார்த்தேன். அதற்குள் அக்கா மைக்கைப் பிடித்து, ஜமேக்காவில் டப்பி என்றால் பேய் என்பதில் தொடங்கி முழுக் கதையையும் மண்டபத்துக்கே சொல்லிவிட்டாள். இன்று என் பிள்ளைகளின் சிநேகிதர்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. வாசலில் நின்று, "டப்பி அங்கிள் ஹோமா?" என்றுதான் கேட்கிறார்கள்.