கரடிக் கூண்டருகே மூன்று கோட்டுகள்

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற அண்ணன், மாப்பிள்ளையைவிட மிடுக்காக உடுத்திக்கொண்டு போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சாதிக்க ஆசைதான். ஆனால் அம்மா சொன்னாள், அப்பா சொன்னார், தங்கை சரசு கண்ணாலேயே சொன்னாள். வண்டி மாடுகள் மட்டும்தான் சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறர் சொல்வதைக் கேட்கிற பழக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. (இப்போதும் வரவில்லை என்பது என் மனைவியின் கட்சி.)

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருஷங்கள் அவை. சரசு எங்கள் இண்டூரிலேயே உயரமான பெண். வாசற்படியில் அவள் தலை நிலையைத் தொடும். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் பணியாரத்தைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் ஒசரங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். இரண்டு முறையும் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மூன்றாவது ஆளும் அப்படிப் போனால் இனி யாருமே படியேற மாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சரசு அழவில்லை. வெளி ஆட்கள் முன்னால் மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். 

எங்கள் ஜனத்துக்கு வரன் பார்க்கிற தரகர் ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால்தானே அவமானம்? இரண்டு குடும்பமும் தற்செயலாக வருவது போல ஒரு பொது இடத்துக்கு வரும். பார்த்தும் பாராதது போலப் பார்த்துக்கொள்ளும். ஊர், பேர் கேட்கக் கூடாது. கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. பிடித்திருந்தால் தரகர் வந்து சொல்வார். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது இது வழக்கம்தான்.

தரகர் தேர்ந்தெடுத்த இடம் தருமபுரி ஏரிக்கரையில் இருந்த பூங்கா. பூங்கா என்றால் நாலு வேப்பமரம், ஒரு கல் பெஞ்சு. அதன் பின்பக்கம் ஒரு சின்ன மிருகக் காட்சிசாலை. அதில் சில புள்ளிமான்கள், தோகை பாதி உதிர்ந்த ஒரு மயில், உயிரோடு இருக்கிறதா என்று காவல்காரருக்கே நிச்சயமில்லாத ஒரு மலைப்பாம்பு, ஒரு கரடி. கரடியைப் பார்க்கத்தான் சனம் வண்டி கட்டிக்கொண்டு வரும்.

"கரடிக் கூண்டுகிட்ட போயி நில்லுங்க" என்றார் தரகர். "பையன் அரூர் தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தா. கோட்டு போட்டிருப்பாருங்க. அதான் அடையாளம்."

மாப்பிள்ளைக்குக் கோட்டு என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் கோட்டு வைத்திருந்த ஒரே மனிதர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். போய் இரவல் வாங்கினேன். அவர் குள்ளமானவர். நானோ சரசுவுக்கு அண்ணன். கோட்டின் கை என் முழங்கைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றுவிட்டது. பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியாது. மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டா, அவங்க பாக்க வர்றது அவளையா, உன்னையா?"

விடிகாலையில் வண்டி கட்டினோம். புளிச்சோறு ஒரு தூக்கு நிறைய. வெல்லப் பாகில் பிடித்த பொரி உருண்டை ஒரு கூடை. பத்து மணிக்கெல்லாம் கரடிக் கூண்டுக்கு வந்துவிட்டோம்.

அங்கே ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெண், கோட்டு போட்ட ஒரு வாலிபன் நின்றிருந்தார்கள். வேறென்ன வேண்டும்? அப்பாவின் காதில், "இவங்கதான்" என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். ஆளைப் பார்த்தே எடை போடுகிறவன் நான் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

ஒரே ஒரு தொந்தரவு. கூண்டை மறித்துக்கொண்டு, வெறும் சட்டையோடு ஒரு நெட்டை மனிதர் காவல்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பெரியம்மா கரடியைச் சபித்துக்கொண்டிருந்தாள். கரடி எதன்மேலோ சுகமாகப் படுத்திருந்தது. கறுப்பாக ஏதோ துணி. நான் அதை உற்றுப் பார்க்கவில்லை. நெட்டை மனிதரின் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினேன்.

"கொஞ்சம் அந்தாண்ட போங்க. நாங்க முக்கியமான விசயமா வந்திருக்கோம்."

"நானும்தாங்க" என்றார் அவர், பாவமாக.

அவர் என்ன முக்கியமான விசயமாக வந்தார் என்று கேட்கும் அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்திருக்கலாம். நான் கோட்டுக்காரர் குடும்பத்தைச் சாமர்த்தியமாக மலைப்பாம்புப் பக்கம் நகர்த்தினேன். அங்கே நின்று, பாம்பிடம் பேசுவது போல, என் தங்கையின் பெருமைகளைச் சத்தமாக எடுத்துவிட்டேன். அவள் வைக்கிற கொள்ளு ரசம், அவள் போடுகிற கோலம், அவள் பொறுமை. (பொறுமையா? சின்ன வயதில் என் மண்டையை உடைத்தவள்.)

கோட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. அவரும் பாம்பைப் பார்த்துக்கொண்டே தன் தங்கையின் தையல் வேலையை, பாட்டை, சிக்கனத்தை அடுக்கினார். கூடப் பிறந்தவள்மேல் இத்தனை பாசம் வைத்தவன், வருகிறவளையும் கண்கலங்காமல் வைத்துக்கொள்வான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்தாராம், பின்னால் சொன்னார். இரண்டு அண்ணன்மார் போட்டி போட்டுக்கொண்டு ஒரு பாம்பைத் தூங்கவிடாமல் செய்தோம்.

அவருடைய தங்கையோ என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சரசுவின் வருங்கால நாத்தனார் நம் குடும்பத்தை அளக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஒரு பொத்தான் தெறித்துப் பாம்பின்மேல் விழுந்தது. பாம்பு அசைந்தது. (உயிரோடுதான் இருந்தது.)

"கோட்டு உங்க தம்பியோடதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குள் அம்மா, சரசுவைக் காணோம் என்று பதறினாள். பெண்ணைக் காட்ட வந்த இடத்தில் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் காட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன்.

சரசு கரடிக் கூண்டின் முன்னால் நின்றாள். தோளைக் குறுக்காமல், கால் கட்டைவிரலில் எம்பி, கம்பிகளுக்கு மேலே இருந்த இடைவெளியில் கையை நீட்டிப் பொரி உருண்டைகளைக் கூண்டின் அடுத்த கோடிக்கு வீசிக்கொண்டிருந்தாள். காவல்காரருக்கு அந்த உயரம் எட்டவில்லை. கரடி எழுந்து உருண்டைகளின் பின்னால் போக, காவல்காரர் கீழ்ப்பக்கமாகத் தொரட்டிக் கோலை நுழைத்து அந்தக் கறுப்புத் துணியை இழுத்தார். நெட்டை மனிதர் கரடியைப் பார்க்கவில்லை. என் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். கோட்டுக்கார மாப்பிள்ளை பார்த்தால் என்ன நினைப்பார்? நெட்டை மனிதரை இரண்டாவது தரம் தள்ளிவிட்டு, பாதி உருண்டை மிச்சமிருந்த கூடையையும் சரசுவையும் வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பையனுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. கரடிக்கு வெல்லம் போட்ட பொண்ணுதான் வேணுமாம்" என்றார். "பொண்ணோட அண்ணன் மட்டும் கலியாணத்தன்னிக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கணுமாம். இதுவரைக்கும் ரெண்டு தடவ தள்ளிட்டாராம்."

கரடியின் அடியில் கிடந்ததுதான் அடையாளக் கோட்டு. நெட்டை மனிதர் வெயிலுக்குக் கழற்றிக் கம்பியில் போட்டிருக்கிறார், கரடி எடுத்துக்கொண்டது. அம்மா அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை மறைக்க, அப்படியானால் அந்த இன்னொரு கோட்டுக்காரன் யார் என்று அதட்டலாகக் கேட்டேன்.

தரகர் தலையைச் சொறிந்தார். அவர்கள் ஓசூர்ப் பக்கம். அவர்களும் பெண் வீட்டார்தான். இவர்தான் அவர்களுக்கும் அதே கூண்டு, அதே அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு வரவேண்டிய பையன் கிருஷ்ணகிரியில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான். கூண்டருகே கோட்டோடு வந்து நின்றவன் நான்.

"அவங்களுக்குச் சம்மதமுங்க" என்றார் தரகர். "கோட்டை மட்டும் மாத்தச் சொன்னாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள்.  சொல்ல வேண்டியதை எல்லாம் புறப்படும் முன்பே சொல்லிவிட்டாளே.

ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் நான் கோட்டு போடவில்லை. சரசுவின் கணவர் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே இரண்டடி ஒதுங்கி எனக்கு வழி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேரப்பிள்ளைகள் கூடும்போதெல்லாம் என் மனைவி ராஜம்மாவிடம், தாத்தாவை முதன்முதலில் எங்கே பார்த்தாய் என்று கேட்கிறார்கள். பதில் தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

"மிருகக் காட்சியிலதான்" என்பாள் அவள்.

"எந்தக் கூண்டுல?"

"கூண்டுல எங்க இருந்தாரு? வெளிய வுட்டிருந்தாங்க."