சம்பந்தியின் தேவாலயத்தில் நான் இழுத்த கயிறு

சம்பந்தியின் முன்னால் அறிவாளியாகத் தெரியவேண்டும் என்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், அதன்பிறகு அவனைக் காப்பாற்றத் தெய்வத்தாலும் முடியாது. என் விஷயத்தில் இரண்டு மதத்துத் தெய்வங்களும் சேர்ந்தே கைவிட்டுவிட்டன.

என் மகள் துர்க்கா விரும்பிய பையன் லூக்காஸ், ஜெர்மன் வழி வந்தவன். மெல்பேர்ன் நகருக்குள் இருக்கும் ஒரு பழைய லூத்தரன் தேவாலயம்தான் பல தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் கோயில். கல்யாணத்தை இரண்டு முறையிலும் செய்வதென்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். தேவாலயத்தில் ஒருநாள், கேரம் டவுன்ஸ் புறநகரில் இருக்கும் எங்கள் இந்துக் கோயிலில் ஒருநாள். சிக்கல் இரண்டாவதில் இருந்தது. லூக்காஸுக்குத் தாய் இல்லை. இருக்கும் ஒரே தகப்பன் டீட்டர், எங்கள் கோயிலுக்கு வருவாரா என்று கேட்டால் "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்வார். தாலிகட்டுக்கு மாப்பிள்ளையின் தகப்பன் வராவிட்டால் என்ன செய்வது என்று துர்க்கா அழாத குறை.

அந்த நிலையில் அவரே தேவாலயத்தைச் சுற்றிக்காட்ட என்னையும் மனைவியையும் மகளையும் அழைத்தார். அவருடைய சம்மதத்தை வாங்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்.

"அப்பா, அவர் இப்பதான் ஹார்ட் ஒப்பரேஷன் முடிஞ்சு வந்திருக்கிறார். பிளீஸ், ஒண்டும் எக்ஸ்பிளெயின் பண்ணாதேங்கோ" என்றாள் மகள், காரில்.

"ஓம், ஓம்" என்றேன். (முதல் நாள் முழுவதும் இணையத்தில் கோதிக் கட்டடக்கலை படித்தவன் வேறென்ன சொல்வான்?)

வாசலிலேயே தொடங்கிவிட்டேன். புளூஸ்டோன் என்கிற கருங்கல்லைத் தட்டிப் பார்த்தேன். கூர்நுனி ஜன்னல்களின் வளைவைக் கையால் காற்றில் வரைந்து காட்டினேன். "இந்த முட்டுச்சுவர்கள் இல்லாவிட்டால் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளிவிடும்" என்று, அந்தக் கட்டடத்தைக் காலமெல்லாம் பராமரித்து வந்த மனிதருக்கே விளக்கினேன். டீட்டர் பணிவாகத் தலையாட்டினார். (நான் ரோவில் என்கிற புறநகரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். வாழ்க்கையில் நான் கட்டியது பின்வளவில் ஒரு கோழிக்கூடு. அதுவும் சரிந்துவிட்டது.)

உள்ளே போனதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. எங்கள் கோயில்களில் கை வைக்க இடமில்லாமல் சிற்பமும் வர்ணமும் இருக்கும். இங்கே வெறும் வெள்ளைச் சுவர். கண்ணை எங்கே வைப்பது என்று முதலில் தெரியவில்லை. பிறகு அது தானாகவே மேலே போனது, கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் உட்புறம் போலிருந்த கருமரக் கூரைக்கு. பீடத்தின் மேல் வளைவில் ஜெர்மன் வாசகம் ஒன்றைப் பொன்னிறத்தில் எழுதியிருந்தார்கள்.

"இங்கே வந்திறங்கியவர்கள் எழுதியது. இப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர்தான்" என்றார் டீட்டர்.

எனக்குக் கேரம் டவுன்ஸ் நினைவு வந்தது. அங்கே இருக்கும் தமிழ்ப் பலகையை என் மகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வந்திறங்குகிற சனம் எல்லாம் தன் சாமிக்கு ஒரு வீடு கட்டி, அதில் தன் மொழியை எழுதிவைக்கிறது. பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து அந்த எழுத்தை அழகாக இருக்கிறது என்கிறார்கள். மனம் கனத்துவிட்டது. மற்றவர்கள் பீடத்தடியில் நிற்க, நான் தனியே பின்னால் வந்து மணிக்கோபுரத்தின் கீழே நின்றேன்.

அப்போதுதான் வெளியே மேகம் விலகியது. வர்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் பீடத்தில் விழுந்தது, தீபம் காட்டியதுபோல. எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தீபம் காட்டும்போது மணிக்கயிற்றடியில் எவன் நிற்கிறானோ அவன் இழுக்கவேண்டும். யாரும் சொல்லமாட்டார்கள். இழுக்காமல் நின்றால்தான் ஏச்சு விழும்.

என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது. இழுத்தேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே பலமாக இழுத்தேன். மேலேயிருந்து வந்த ஓசையில் என் பற்கள் அதிர்ந்தன. கயிறு என்னை நுனிக்காலில் தூக்கியது. நிறுத்துவதற்காக இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் அடித்தது.

டீட்டர் வந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. "வாரநாளில் இந்த மணி அடித்தால், சபையில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்" என்றார்.

அவருடைய போன் அடித்தது. "இல்லை, நான் இல்லை. நான் இருக்கிறேன்" என்றார். வைத்தவுடன் மறுபடி அடித்தது. "இருக்கிறேன், இருக்கிறேன்." மூன்றாவது ஆள் போனெல்லாம் எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருவர் வீட்டுச் செருப்போடு அழுதுகொண்டே ஓடிவந்தார். டீட்டரைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"வந்த இடத்தில மனிசனைச் சாக்காட்டிப் போட்டியளே" என்றாள் என் மனைவி, மெதுவாக. துர்க்கா என்னைப் பார்க்கவேயில்லை. அவளுடைய கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

டீட்டர் வாங்கில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நெஞ்சுவலிதான் என்று பதறி நாடியைப் பிடிக்க ஓடினேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் கோயிலில் தெரியாமல் ஏதாவது செய்து எல்லோரையும் புண்படுத்திவிடுவேனோ என்று பயந்தேன். அதனால்தான் பதில் சொல்லவில்லை" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மனைவி இருந்திருந்தால் அவளைப் பார்த்துச் செய்திருப்பேன். ஆனால் நீங்கள் இன்று செய்ததைவிட மோசமாக நான் என்ன செய்துவிட முடியும்? வருகிறேன்."

வந்தார். ஐயர் கொடுத்த திருநீற்றைச் சீனி என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த நிம்மதி அப்படி.

அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் போனில் யாரும் சுகம் விசாரிப்பதில்லை. "இருக்கிறியளோ?" என்றுதான் கேட்பது. டீட்டர் அந்த ஒரு பதிலை மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் பழகிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பேன், "இருக்கிறன்" என்பார், வீடே சிரிக்கும். அவர் போனை எடுக்கக் கொஞ்சம் பிந்தினால் மட்டும், அந்தச் சொல் காதில் விழும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.